பதினோரு கேபி

திம்பம் சோதனைச் சாவடியில்
ஆறு மணிக்குத்தான் கம்பம் தூக்குவார்கள்.
அதுவரை மஞ்சள் மூட்டைகளோடு
மினி லாரிகள் வரிசையில் நிற்கும்,
கண்ணாடியெல்லாம் பனி.
தாளவாடி மல்லப்பா
அங்கிருந்துதான் என் செயலியைத் திறந்திருக்கிறார்.

வட்டம் சுற்றியது.
கம்பம் தூக்கினார்கள். சுற்றியது.
இருபத்தேழு கொண்டை ஊசிக்கும்
மச்சினன் ஸ்டியரிங்கைச் சுற்ற
இவர் உள்ளங்கையில் அது தன்பாட்டுக்குச் சுற்றியது.
பண்ணாரியில் சூடம் கொளுத்தியபோதும்.
சத்தி தாண்டி, கோபி தாண்டி,
கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் திறந்ததாம்:
முந்தின நாளே விரலி
குவிண்டாலுக்கு எண்ணூறு சரிந்திருந்தது.

போனில் அவர் கோபப்படவில்லை.
"ஓடற படத்துல மஞ்சக் காடு காட்டறீங்க,
நல்லாத்தான் இருக்குது.
அது எங்க காட்டுலயே இருக்குதுங்களே.
விலைதான் இல்லை."

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில்,
ஃபைபர் கம்பி நேராக வந்து இறங்கும் மேசையில்
நான் செய்தது அது.
அங்கே எல்லாமே
இமை மூடித் திறப்பதற்குள் திறக்கும்.

அன்று ராத்திரி நிறுத்துப் பார்த்தேன்.
நாலரை எம்பி.
அதில் விலை இரண்டு வரி.

ஓடுகிற மஞ்சள் காடு முதலில் போனது.
தொட்டால் உப்புகிற பொத்தான்,
போன தீபாவளியிலிருந்து
இன்னும் வெடித்துக்கொண்டிருந்த வாணம்,
யார் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று
ஒளிந்து எண்ணுகிற நாலு கணக்குப்பிள்ளைகளில்
மூன்று பேர்.

சங்கச் செயலாளர் சென்னியப்பன் படம் மட்டும்
ஒரு எம்பிக்கு மேல்.
ஸ்டுடியோவில் எடுத்தது,
சட்டை மடிப்பில் இஸ்திரிப் பெட்டியின் சூடு தெரியும்.
"ஏனுங் அம்முணி, மூஞ்சி தெரியாம
எவன் நம்புவான்?"
மூன்று நாள் பேச்சுவார்த்தை.
பேரை மட்டும் அடியில் வைத்தோம்.
அதற்கப்புறம் பத்து நாளைக்கு
சங்கத்துக்குப் போனால் எனக்கு டீ வரவில்லை.

அப்படியும் கனமாகவே இருந்தது.
துழாவினால், என்னுடையது.

மூன்று மாதம் உட்கார்ந்து
நானே வளைத்த எழுத்து.
'மஞ்சள்' என்று எழுதினால்
ஞ-வின் சுழி
விரலிக் கொம்பு மாதிரி முறுக்கிக்கொள்ளும்.
இருநூற்று நாற்பத்தேழும் வேண்டும் என்று
எங்கேயும் வராத ஙௌவைக்கூட
விடாமல் வரைந்திருந்தேன்.

மல்லப்பா போனில் ஏற்கெனவே ஓர் எழுத்து இருக்கிறது.
மகள் அனுப்புவதை அதில்தான் படிக்கிறார்,
கரண்ட் பில்லை அதில்தான் படிக்கிறார்.
தெரியும்.
ஒரு நாள் தள்ளிப்போட்டேன். இன்னொரு நாள்.
செயலாளர் முகத்தை எடுக்கும்போது
கை இத்தனை கூசவில்லை.

எடுத்தேன்.
முழுசாக அழிக்கவில்லை.
'அப்புறம்' என்று ஓர் உறை போட்டு
அதற்குள் வைத்திருக்கிறேன்.

வெள்ளையில் கறுப்பு.
தேதி. விரலி. கிழங்கு.
ஏலம் உண்டா, விடுமுறையா.
பக்கத்து நாற்காலி ரஞ்சனி எட்டிப் பார்த்துவிட்டு
"இன்னும் லோடு ஆகலையா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பத்திரண்டு.
மிச்சம் வைத்த ஒரு கணக்குப்பிள்ளை சொல்கிறான்:
மலை மேலிருந்து ஒருவர்.
திறக்க முக்கால் நொடி.
நின்றது நாலு நொடி.
போய்விட்டார்.

முன்பென்றால் அந்த நாலு நொடிக்கு
நாள் முழுக்க வருத்தப்பட்டிருப்பேன்.

அன்று விரலி இன்னும் இருநூறு இறங்கியிருந்தது.
கம்பம் தூக்க எட்டு நிமிஷம் இருந்தது அவருக்கு.
வண்டி இறங்கியதா,
தாளவாடிக்கே திரும்பியதா,
அந்த வெள்ளைத் திரையில்
அதைக் கேட்க நான் இடம் வைக்கவில்லை.